கன்டென்சர் திருடர்கள்

போன ஞாயிறு முலுண்டில் நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. நாலு தமிழ்க் குடும்பம். இலையை மடித்துவிட்டு உட்கார்ந்ததும் பேச்சு வழக்கம்போல ஸ்கூல் ஃபீஸ், அங்கிருந்து கரண்ட் பில். இந்த ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு தகவல்: மும்பை நகரத்தின் மற்ற பகுதிகளுக்கு பெஸ்ட், அதானி, டாட்டா என்று கரண்ட் கம்பெனிகள். முலுண்ட், பாண்டுப் பக்கம் மகாவிதரண். அதாவது விதர்பாவில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் பம்புசெட்டுக்கும் எங்கள் பிளாட் ஏசிக்கும் ஒரே கம்பெனி பில் போடுகிறது. அதனால் முலுண்ட்காரர்களுக்கு விவசாயி மேல் ஒரு தனிக் கோபம் உண்டு.

"நாம இங்க யூனிட்டுக்கு இவ்வளவு கட்டறோம். அங்க கன்டென்சரைப் போட்டு ராத்திரி பூரா மோட்டார் ஓட்டித் திருடறானுங்க சார். நம்ம ஊர்லயும் அதே கதைதான்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

பதில் சொல்லாததற்குக் காரணம், எங்கள் தோட்டத்துக்கு அந்தக் கன்டென்சரை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். அங்கே சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012 கோடை. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த சமயம். உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டம், அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். ஒருநாள் ராத்திரி போன். "தம்பி, மூணு ஃபேஸ் எப்ப வருது எப்ப போகுதுன்னே தெரியல. ரெண்டு ஃபேஸ்தான் கிடக்குது. தென்னையெல்லாம் மட்டை தொங்குது. எல்லாரும் கன்டென்சர் போட்டுட்டாங்க. நாம மட்டும் போடாம இருந்தா, பக்கத்துப் போருக்காரன் தண்ணிய இழுத்துக்குவான்" என்றார். மறுநாள் காலையில் பணம் அனுப்பினேன். பத்து நிமிட வேலை. அண்ணனுக்கு உதவிவிட்டோம் என்ற திருப்தியோடு ஆபீஸுக்கு ரயில் ஏறினேன்.

அடுத்த பதினோரு மாதத்தில் அந்த மோட்டார் இரண்டு முறை காயில் போனது. ஏழரை எச்.பி. சப்மெர்சிபிள். அதை வெளியே எடுப்பது என்றால் மூன்று கால் நட்டு, செயின் பிளாக் மாட்டி, குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி மேலே தூக்க வேண்டும். அதற்கு ஆள் கூலி. அப்புறம் வைண்டிங் செலவு. திரும்ப இறக்க மறுபடியும் ஆள் கூலி. நடுவில் ஒரு வாரம் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை. இரண்டாவது தடவை நானும் லீவில் ஊரில் இருந்தேன். காயில் கட்டும் கடைக்காரர் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவுடனே கேட்டார்: "ஏனுங்க, கன்டென்சர் போட்டீங்களாக்கு?" எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "மூணு காயில்ல ஒண்ணு மட்டும் கருகிக் கிடக்குது பாருங்க. ஓவர்லோடுல போயிருந்தா மூணும் ஒண்ணாக் கருகியிருக்கும்."

நான் படித்தது பி.காம். மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதும், அதன் பிறகு தேடிப் படித்ததும்தான். எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

கோயில் திருவிழாவில் கையால் தள்ளும் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். மூன்று பேர் மூன்று இடத்தில் நின்றுகொண்டு, முறை வைத்து ஆளுக்கொரு தள்ளு தள்ளினால் ராட்டினம் சீராகச் சுற்றும். மும்முனை மோட்டார் அப்படித்தான். மூன்று காயில், மூன்று ஃபேஸ், ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து உள்ளே காந்தப்புலத்தைச் சுழற்றுகின்றன. ஒரு ஃபேஸை உருவிவிட்டால் மிச்சம் இருக்கும் இரண்டு கம்பிக்கு நடுவே ஒரே ஒரு தள்ளுதான் உண்டு. முன்னே ஒரு தள்ளு, பின்னே ஒரு இழுப்பு. ராட்டினம் அந்த இடத்திலேயே ஆடும், சுற்றாது. மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமும். அப்படியே விட்டால் சில நிமிடங்களில் புகை வரும்.

கன்டென்சர் என்ன செய்கிறது? இருக்கிற ஒரே தள்ளைக் கொஞ்சம் தாமதப்படுத்தி இன்னொரு ஆள் தள்ளுவது போலக் காட்டுகிறது. மூன்றாவது கம்பிக்குப் போலியாக ஒரு ஃபேஸ் கிடைத்துவிடுகிறது. மோட்டார் சுற்றவும் சுற்றுகிறது. உங்கள் வீட்டு சீலிங் ஃபேனிலும் வெட் கிரைண்டரிலும் இருப்பது இதே வித்தைதான். ஒரு வித்தியாசம், அவை முதலிலிருந்தே அதற்கென்று சுற்றப்பட்ட மோட்டார்கள். தோட்டத்து மோட்டார் அப்படி அல்ல. கன்டென்சர் தரும் தாமதம் ஏதோ ஒரு குறிப்பிட்ட பளுவுக்குத்தான் சரியாகப் பொருந்தும். போரில் தண்ணீர் மட்டம் இறங்கினால் பளு மாறும், வோல்டேஜ் இறங்கினால் மாறும். மாறினால் ஒரு காயிலில் கரண்ட் கூடும், இன்னொன்றில் குறையும். கூடிய காயில் சூடாகும். கம்பியின் மேல்பூச்சு பத்து டிகிரி கூடுதல் சூட்டுக்கு ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. எங்கள் மோட்டார் பதினோரு மாதத்தில் இரண்டு ஆயுளை முடித்துக்கொண்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. இது பேங்க்காரனுக்குச் சட்டென்று புரியும். அதே பளுவை மூன்று கம்பிக்குப் பதிலாக இரண்டு கம்பியில் இழுத்தால், அந்த இரண்டிலும் கரண்ட் சுமார் 1.7 மடங்கு. கம்பியில் சூடாகி வீணாவது கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப என்பதால், ஒவ்வொரு கம்பியிலும் இழப்பு மூன்று மடங்கு. இரண்டு கம்பிக்கும் சேர்த்துப் பார்த்தால் மொத்த இழப்பு முன்பு இருந்ததைப் போல இரண்டு பங்கு. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருபது மோட்டாரும் இப்படி ஓடினால் என்ன ஆகும்? வோல்டேஜ் விழும், ஊரில் பல்பு மங்கும், ஒருநாள் டிரான்ஸ்ஃபார்மரே எரியும். அப்புறம் பத்து நாள் யாருக்குமே தண்ணீர் இல்லை.

ஆக, கன்டென்சர் நல்லது என்று வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அது கெடுதல். முதல் கெடுதல், அதை மாட்டியவனுக்கு. திருடன் தன் வீட்டுக் கூரையைத் தானே கொளுத்திக்கொண்டு திருடுவானா? நண்பரிடம் நான் கேட்க நினைத்தது இதைத்தான்.

சரி, அந்த இரண்டு ஃபேஸ் எங்கிருந்து வந்தது? நம் ஆட்கள் விவசாயியைத் திட்டிவிட்டு இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள்.

கிராமத்தில் வீட்டு விளக்கும் தோட்டத்து மோட்டாரும் ஒரே லைனில் இருக்கின்றன. மோட்டார் ஓடும் நேரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், ஆனால் வீடுகள் இருட்டாகிவிடக் கூடாது. லைனை இரண்டாகப் பிரிக்கச் செலவாகும். அதனால் ஒரு சுலப வழி கண்டுபிடித்தார்கள். சப்ஸ்டேஷனில் மும்முனையைக் குறிப்பிட்ட மணி நேரம் மட்டும் கொடுப்பது, மற்ற நேரத்தில் ஒரு முனையை உருவிவிடுவது. விளக்கு எரியும், டி.வி. ஓடும், மோட்டார் மட்டும் ஓடாது. தமிழ்நாட்டிலும் இதுதான், மகாராஷ்டிராவிலும் இதுதான், குஜராத்திலும் ஒரு காலத்தில் இதுதான். அறையில் உட்கார்ந்து யோசித்தால் பிரமாதமான யோசனை! ஆனால் எதிரே இருப்பவன், காய்கிற பயிரை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிறவன். ரெண்டு ஃபேஸைக் கையில் கொடுத்து, மூன்றாவதைச் செய்துகொள்ளாதே என்று சொன்னால் கேட்பானா? கன்டென்சர் கிடைக்காத ஊர் உண்டா?

நல்ல ஸ்டார்ட்டர் பெட்டியில் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் என்று ஒன்று இருக்கும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்திக் காப்பாற்றுவது அதன் வேலை. கன்டென்சர் மாட்டும்போது முதலில் கழற்றுவது அதைத்தான். ஃபேஸை உருவுவதே தினசரி ஏற்பாடு என்று ஆக்கியவுடன், மோட்டாரின் காவல்காரனுக்கு வேலை போய்விட்டது.

குஜராத்தில் இந்தக் கன்டென்சருக்குப் பெயரே வைத்திருந்தார்கள், 'தோட்டா' என்று. அங்கே 2003-ல் ஜோதிகிராம் திட்டம் தொடங்கியது. 2006-க்குள் ஏறத்தாழ எல்லாக் கிராமங்களிலும் விவசாய லைனைத் தனியாகப் பிரித்தார்கள். ஊருக்கு 24 மணி நேரமும் கரண்ட். தோட்டத்துக்கு எட்டு மணி நேரம், முன்கூட்டியே சொன்ன நேரத்தில், முழு வோல்டேஜில், மூன்று ஃபேஸும். மற்ற நேரத்தில் அந்த லைனில் கரண்டே கிடையாது. தோட்டாவை மாட்டி என்ன செய்வது? மோட்டார் எரிவதும் குறைந்தது. எல்லோருக்கும் நல்லதாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். சொந்த போர் இல்லாமல் பக்கத்துக்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்கிய குத்தகைக்காரர்களுக்குத் தண்ணீர் குறைந்தது, விலை ஏறியது. அதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆனால் தோட்டாவை ஒழித்தது ரெய்டு அல்ல, அபராதம் அல்ல, இன்னொரு லைன் இழுத்த செலவு.

இனி 'திருட்டு' கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். நடுவில் 2003-ல் ஒருமுறை நிறுத்திப் பார்த்து, 2004-ல் திரும்பக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் 1970களில் யூனிட்டுக்குச் சில காசு உயர்த்தியதற்காகக் கோவைப் பக்கம் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களும், துப்பாக்கிச் சூடும், 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவையையே நிறுத்தியதும் எங்கள் அப்பா காலத்துக் கதை. இலவசம் சரியா தப்பா என்பது தனிப் பதிவுக்கான விஷயம். நான் சொல்ல வந்தது, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மீட்டர் இல்லாத இடத்தில் எவ்வளவு யூனிட் போனது என்பது மதிப்பீடுதான். எங்கள் பேங்கில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. கணக்கு ஒத்துவராத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். ஆடிட்டர் வந்ததும் முதலில் அதைத்தான் பிரிப்பார். மீட்டர் இல்லாத விவசாயம் மின்சாரத் துறையின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். வேறெங்கோ போன இழப்பையும் அதில் எழுதிவிடலாம், எழுதுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். மகாராஷ்டிராவிலும் இதே புகார் உண்டு. நம் நண்பர் ஆடிட் செய்யாத அக்கவுண்டைப் பார்த்து ஆளைத் திருடன் என்கிறார்.

கிராமத்துக் கிளையில் வேலை பார்த்திருக்கிறேன். வெயில் காலம் வந்தால் நகைக்கடன் கவுண்டரில் நிற்கிறவர்களிடம் என்ன அவசரம் என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: மோட்டார் காயில் போச்சுங்க. பயிர்க்கடன் விதைக்கும் உரத்துக்கும். மோட்டாருக்கு மனைவியின் தாலிக்கொடி. சப்சிடி கணக்கில் இந்த வட்டி எங்கேயும் வராது. இலவச மின்சாரத்துக்கு விவசாயி என்ன விலை கொடுக்கிறார் என்று யாராவது கணக்குப் போட்டால், காயில் கட்டும் கடை பில்லிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கிற முலுண்ட், செம்பூர், மாட்டுங்கா மக்கள் தினமும் ஏறி இறங்குகிற ஒன்றைச் சொல்கிறேன். நம் லோக்கல் ரயில். 1925 பிப்ரவரி 3-ல் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் நடுவே முதல் மின்சார ரயில் ஓடியது, 1500 வோல்ட் டி.சி.யில். நாட்டின் மற்ற பகுதிகள் 25,000 வோல்ட் ஏ.சி.க்குப் போன பிறகும் மும்பை பழைய டி.சி.யிலேயே பல காலம் ஓடியது. மாற்ற வேண்டும் என்றானபோது என்ன செய்தார்கள்? ரெண்டு சப்ளையிலும் ஓடும் ரேக்குகளை முதலில் கொண்டுவந்தார்கள். சர்ச்கேட் - விரார் 2012 பிப்ரவரியில் முடிந்தது. கல்யாணிலிருந்து முலுண்ட் வழியாக குர்லா டெர்மினஸ் வரை 2014 ஜனவரி. அங்கிருந்து சி.எஸ்.டி. வரை 2015 ஜூன். கடைசியில் ஹார்பர் லைன் 2016 ஏப்ரல். முக்கியமான மாற்றங்களை ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமை பிளாக்கிலும் செய்தார்கள். திங்கட்கிழமை காலையில் நாம் வழக்கம்போலத் தொங்கிக்கொண்டு போனோம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ரயிலுக்கு மேலே போவது ஒரே ஒரு கம்பி. சிங்கிள் ஃபேஸ். புது ரேக்குகளின் சக்கரத்தைச் சுற்றுவதோ மும்முனை மோட்டார்! அதாவது எங்கள் அண்ணன் தோட்டத்தில் கன்டென்சரை வைத்துச் செய்ய முயன்ற அதே காரியம். ரயிலில் அதை முறையாகச் செய்கிறார்கள். வந்த கரண்டை வோல்டேஜ் இறக்கி, டி.சி. ஆக்கி, அதிலிருந்து இன்வெர்ட்டர் மூலம் மூன்று ஃபேஸையும் புதிதாகச் செய்து மோட்டாருக்குக் கொடுக்கிறார்கள். மோட்டார் எவ்வளவு வேகத்தில் போக வேண்டுமோ அதற்கேற்ப அலைவரிசை. மூன்று காயிலிலும் ஒரே அளவு. சோலார் பம்புக்கு வரும் பெட்டியும் இதே இனம்தான். தோட்டத்து மோட்டாருக்கும் அப்படி டிரைவ் கிடைக்கிறது. விலை கன்டென்சரைப் போலப் பல மடங்கு, ஏழரை எச்.பி.க்கு இன்னும் மேலே. ஆக, ஒரு சப்ளைக்கான மோட்டாரை இன்னொரு சப்ளையில் ஓட்டுவது குற்றம் அல்ல. நகரத்துக்கு என்றால் அதற்குப் பெயர் நவீனமயம். உலக வங்கிக் கடனும் கிடைக்கும். தோட்டத்தில் ஒருவன் தன் சொந்தப் பணத்தில், மட்டமான பொருளை வைத்து, தெரிந்த அளவில் செய்தால் அதற்குப் பெயர் திருட்டு.

ரயில்வேக்காரர்கள் பயணிகளைப் பார்த்து, "கம்பியில் பாதி கரண்ட்தான் வரும், நீங்களே ஆளுக்கொரு கன்டென்சர் கொண்டுவந்து ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் முலுண்ட் ஸ்டேஷன் என்ன ஆகியிருக்கும்?

நிலைமை கொஞ்சம் மாறியும் இருக்கிறது, மறைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஏப்ரல் முதல் விவசாயத்துக்கு நாள் முழுக்க மும்முனை என்று அறிவித்தார்கள். மகாராஷ்டிராவில் தோட்டத்து லைன்களுக்குப் பகலிலேயே கரண்ட் தர சோலார் நிலையங்கள் அமைக்கும் திட்டம் 2017-ல் தொடங்கி, 2023-ல் பெரிதாக்கப்பட்டது. 2024-ல் ஏழரை எச்.பி. வரை பில்லும் இல்லை என்றார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதை விட முதலாவதுதான் பெரிது. முறை வைத்து ராத்திரியில் கரண்ட் வரும் ஊரில், பாம்புக்கும் சேற்றுக்கும் நடுவில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றவனிடம் கேட்டுப் பாருங்கள். இலவசம் வேண்டுமா, பகல் வேண்டுமா என்று. நிலத்தடி நீர் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். தீரும். அதற்குப் பயிரையும் மீட்டரையும் பற்றி நேராகப் பேச வேண்டும். ஒரு ஃபேஸை உருவி நிலத்தடி நீரைக் காப்பாற்றியதாக எந்த ஊரிலும் நான் பார்க்கவில்லை. உருவிய ஊர்களில் போர் ஆழம் கூடிக்கொண்டேதான் போனது.

கடைசியாக நமக்கு. நாம் என்றால் மும்பையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு ஊர்த் தோட்டத்துக்குப் பணம் அனுப்பும் ஆட்கள். ஊரிலிருந்து போன் வந்தவுடன் "இன்னும் ரெண்டு எச்.பி. கூடப் போட்டுக்கோ, ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கிக்கோ, பணம் அனுப்பறேன்" என்கிறோம். நாம் அனுப்பும் பணத்தில் ஏறும் ஒவ்வொரு எச்.பி.யும் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் பணம் அனுப்ப ஆள் இல்லாத பக்கத்துத் தோட்டக்காரரின் வோல்டேஜைத் தின்கிறது. ஆட்டோ ஸ்டார்ட்டர் இருபது சேர்ந்தால் கரண்ட் வந்த நொடியில் இருபது மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும் நேரத்தில் மோட்டார் இழுக்கும் கரண்ட் ஐந்தாறு மடங்கு. நான் செய்த தப்பு இது. திருட்டு என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் என்னைச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அண்ணனைச் சொல்லாதீர்கள். ஊரிலிருந்து பணம் கேட்டு போன் வந்தால் முதலில் பிரிவென்டர் மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்க எல்லோருமாகச் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். அதற்கு உங்கள் பங்கு என்னவோ அதை அனுப்புங்கள்.

எங்கள் மோட்டார் ரூமில் அந்தத் தகரப் பெட்டி இன்னும் சுவரில் தொங்குகிறது. உள்ளே இருந்த கன்டென்சர்களைக் கழற்றிவிட்டு, அண்ணன் அதில் ஃபியூஸ் வயரும் ஸ்பேனரும் போட்டு வைத்திருக்கிறார். வரும் ஞாயிறு சாப்பாடு எங்கள் வீட்டில். அந்த நண்பரும் வருகிறார்.